மறைந்த படைவீரரின் ஓய்வூதியம்: குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை

நாட்டுக்காகச் சீருடை அணிந்தவர்களில் தோட்டப்புறத்துப் பிள்ளைகளும் உண்டு. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் முடிவுற்ற அவசர காலத்திலும், 1963 முதல் 1966 வரை நிகழ்ந்த இந்தோனேசிய எதிர்ப்புக் காலத்திலும், 1989ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஹட்யாய் நகரில் அமைதி உடன்பாடு கையொப்பமாகும் வரை நீடித்த காட்டுப் போரிலும் எல்லா இனத்து இளைஞர்களும் பணியாற்றினர். பால்மரத்தடியில் வளர்ந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கற்று, பின்னர் துப்பாக்கி ஏந்திய இளைஞர் பலர் அவர்களுள் அடங்குவர்.

அத்தகையோர் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின் மறைவதும், சேவையிலிருக்கும் போதே மறைவதும் உண்டு. அப்போது அவர்களுடைய மனைவி மக்களுக்குச் சேர வேண்டிய பணம் இருக்கிறது. அது யாரும் இரங்கித் தரும் உதவியன்று. அவர் செய்த சேவையின் பயனாகும். நம் நாட்டின் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 147ஆவது பிரிவு, பொதுச் சேவையில் இருந்தோரின் ஓய்வூதிய உரிமைகளுக்குப் பாதுகாப்பளிக்கிறது. ஆயுதப் படையும் அச்சட்டத்தில் பொதுச் சேவைகளுள் ஒன்றாகவே கூறப்பட்டுள்ளது.

உரிமை இருந்தும் பல குடும்பங்களுக்கு அது காலத்தில் வந்து சேர்வதில்லை. காரணம் என்ன? பெரும்பாலும் அது பத்திரக் குறைவேயாகும். வீட்டில் இருக்க வேண்டிய தாள் இல்லை. இருக்கும் தாளில் பெயர் சரியாக இல்லை. எந்த அலுவலகத்தை நாடுவதென்று தெரியவில்லை. இம்மூன்று குறைகளையும் எவ்வாறு நீக்கிக் கொள்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

'பட்டாளத்துப் பணம்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் உண்மையில் பல வகை உண்டு. அவற்றைத் தனித்தனியே பிரித்தறிந்து கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலாவது, மாதாந்திர ஓய்வூதியம். ஆயுதப் படையின் நிரந்தரச் சேவையில், அதிகாரிகள் அல்லாத மற்ற நிலையினர் 21 ஆண்டுகள் சேவையாற்றினால் ஓய்வூதியம் பெறும் தகுதியை அடைகின்றனர். அவ்வாறு ஓய்வூதியம் பெற்று வந்தவர் இறந்துவிட்டால், அது அவரோடு முடிந்துவிடுவதில்லை. சட்டப்படியான மனைவிக்கும், தகுதியுள்ள பிள்ளைகளுக்கும் அது வழி வழியாக வருகிறது. மலாய் மொழியில் இதனைப் 'பென்சென் தெர்பித்தான்' என்பர். அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களில் இச்சொல்லே காணப்படுமாதலால் இதனை நினைவில் வைத்துக் கொள்வது நல்லது.

இரண்டாவது, கடமையின் போது ஏற்பட்ட காயத்தால் ஒருவர் இறந்தால் அவரை நம்பியிருந்தோருக்கு வழங்கப்படும் ஓய்வூதியம். இதற்குப் 'பென்சென் தாங்குங்கான்' என்று பெயர். இறப்பின் காரணம் என்ன என்பதைப் பொறுத்தே இது அமையும். ஆகவே மருத்துவமனைச் சான்றும், விபத்தாயின் போலீஸ் புகாரின் படியும் இதற்கு மிக முக்கியமானவை.

மூன்றாவது, ஆயுதப் படைச் சேமநிதி. 'லெம்பாகா தாபோங் அங்காத்தான் தெந்தெரா' என்னும் வாரியம் 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தோற்றுவிக்கப்பட்டது. மற்ற நிலையினரான வீரர்கள் தம் சம்பளத்திலிருந்து கட்டாயமாக இதற்குச் சந்தா செலுத்துகின்றனர். அரசாங்கமும் தன் பங்கைச் செலுத்துகிறது. நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஊழியர் சேமநிதி எப்படியோ, வீரர்களுக்கு இவ்வாரியம் அப்படி. சந்தாதாரர் சேவையில் இருக்கும்போது இறந்தாலோ, உடல் ஊனமுற்றாலோ தனி உதவி வழங்கும் திட்டமும் இவ்வாரியத்தில் உண்டு.

ஓய்வூதியம், சேமநிதி ஆகிய இரண்டும் வெவ்வேறு அலுவலகங்களைச் சேர்ந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓய்வூதியம் தொடர்பான காரியங்களைத் தற்காப்பு அமைச்சின் கீழ் இயங்கும் முன்னாள் படைவீரர் விவகார இலாகா கவனிக்கிறது. 'ஜாபாத்தான் ஹால் எஹ்வால் வெத்தரான்' என்பது அதன் மலாய்ப் பெயர். மாநிலங்களிலும் அதற்குக் கிளைகள் உள்ளன. சேமநிதிப் பணத்துக்கோ வாரியத்தையே நாட வேண்டும். ஓரிடத்தில் கொடுத்த விண்ணப்பம் மற்றோரிடத்துக்குத் தானாகச் சென்றுவிடும் என்று காத்திருக்கலாகாது.

ஒரு குடும்பத்தின் வழக்கு

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது எந்தத் தோட்டத்துக் குடும்பமாகவும் இருக்கலாம். இதில் வரும் இடையூறு ஒவ்வொன்றும் நம்மிடையே நேரக்கூடியதே.

தோட்டத்து இளைஞர் ஒருவர் 1976ஆம் ஆண்டு இராணுவத்தில் சேருகிறார். 1979ஆம் ஆண்டு விடுப்பில் வந்து, தோட்டத்து மாரியம்மன் கோயிலில், பெரியோர் முன்னிலையில் தாலி கட்டுகிறார். 21 ஆண்டுகள் பணியாற்றி 1997ஆம் ஆண்டு ஓய்வூதியத்தோடு வெளிவருகிறார். தோட்டத்துக்கே திரும்பி வந்து, பக்கத்துப் பட்டணத்தில் லாரி ஓட்டிப் பிழைக்கிறார். மனைவி பால் வெட்டுகிறார். 2011ஆம் ஆண்டு மாரடைப்பால் கணவர் இறந்து போகிறார். மனைவிக்கு அப்போது வயது 52. மூத்த மகளுக்குத் திருமணமாகிவிட்டது. இரண்டாமவன் பிறவியிலேயே நடக்கவியலாதவன். கடைசி மகள் ஐந்தாம் படிவத்தில் படிக்கிறாள்.

கருமாதி முடிந்த மறுமாதம் வங்கியில் ஓய்வூதியப் பணம் வழக்கம் போல் வந்திருந்தது. குடும்பத்தார் அதனை எடுத்துச் செலவு செய்தனர். அடுத்த மாதமும் எடுத்தனர். இறந்த செய்தியை இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பின்னர் இறந்தவர் பெயரில் எடுக்கப்பட்ட தொகையைத் திருப்பிச் செலுத்துமாறு கடிதம் வந்தது. மலாய் மொழியில் வந்த அக்கடிதத்தைப் படித்துச் சொன்ன அண்டை வீட்டார், "பென்ஷனை நிறுத்திவிட்டார்கள், இனி வராது" என்று கூறிவிட்டார். உண்மையில் நிறுத்தப்பட்டது கணவர் பெயரிலான ஓய்வூதியமே. மனைவி தம் பெயரில் விண்ணப்பித்தால் அவருக்குரியது தொடங்கும். இச்சிறு வேறுபாடு விளங்காமல் அக்குடும்பத்தின் எட்டு மாதங்கள் வீணாயின.

பின்னர் தோட்டத்துக் கிராணியார் விவரத்தை விளக்கிச் சொல்ல, அம்மாள் விண்ணப்பம் செய்தார். இலாகா மூன்று கேள்விகளைக் கேட்டது. திருமணச் சான்றிதழ் எங்கே? கணவரின் படைப் பதிவேட்டில் உள்ள மனைவியின் பெயரும், உமது அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஏன் வேறுபடுகின்றன? உடற்குறையுள்ள மகனுக்கு மருத்துவச் சான்று உண்டா?

இக்கேள்விகளைக் கேட்டதற்காக உத்தியோகஸ்தர்மீது வருந்துவதில் பயனில்லை. பொதுப் பணத்தை உரியவருக்கே கொடுக்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு உண்டு. ஆனால், தாலியும் குங்குமமும் அறிந்த ஊரில் முப்பது ஆண்டுகள் மனைவியாக வாழ்ந்த ஒருவர், "நான் அவர் மனைவிதான்" என்று தாளால் மெய்ப்பிக்க வேண்டிய நிலை எத்துணைத் துயரமானது என்பதையும் நாம் உணர வேண்டும். விடியற்காலை மரம் வெட்டப் போகாமல் பட்டணத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூலியில்லாத நாளாகும்.

திருமணச் சான்று: 1982 மார்ச் 1 என்னும் நாள்

இந்நாளை ஒவ்வொரு குடும்பமும் நினைவிற் கொள்ள வேண்டும். முஸ்லிம் அல்லாதாரின் திருமணம், மணவிலக்கு ஆகியவற்றுக்கான 1976ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் அமலுக்கு வந்தது. அந்நாளுக்கு முன்பு சமய முறைப்படியோ வழக்காற்று முறைப்படியோ செல்லத்தக்கவாறு நடந்து, நிலைத்திருந்த திருமணங்களை அச்சட்டம் பதிவு பெற்றனவாகவே கருதுகிறது. அந்நாளுக்குப் பின் நடப்பவை சட்டம் கூறும் முறைப்படி பதிவு செய்யப்பட வேண்டும்.

நாம் மேலே கண்ட அம்மாளின் திருமணம் 1979ஆம் ஆண்டு நடந்தது. ஆகவே பதிவுத் தாள் இல்லை என்பதனாலேயே அவர் உரிமை இழக்கவில்லை. ஆனால், அத்திருமணம் உண்மையில் நடந்தது என்பதை நிறுவும் கடமை அவருக்கு இருந்தது. இங்கேதான் இடையூறு வந்தது. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. கோயில் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. மணம் செய்து வைத்த பூசாரியார் காலமாகிவிட்டார். பழைய கோயில் குறிப்பேடு கறையானுக்கு இரையாயிற்று.

எனினும் வழி அடைபட்டுவிடவில்லை. திருமணத்தை நேரில் கண்ட முதியவர் இருவர் பக்கத்து ஊரில் இருந்தனர். அவர்கள் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் அளித்தனர். 'சூராட் அக்குவான் பெர்க்கானுன்' எனப்படுவது இதுவே. பொய்யாகக் கொடுத்தால் தண்டனைக்குரியது என்பதால் இதற்கு மதிப்பு உண்டு. திருமணத்தன்று எடுத்த புகைப்படம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், கணவர் தம் படைப்பிரிவில் மனைவியின் பெயரைப் பதிவு செய்திருந்த விவரம் ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. தனித்தனியே பார்த்தால் சிறியனவாகத் தோன்றும் சான்றுகள், ஒன்று சேர்ந்தபோது வலிமை பெற்றன.

இதே திருமணம் 1985ஆம் ஆண்டு கோயிலில் மட்டும் நடந்து, பதிவு செய்யப்படாமல் விடப்பட்டிருந்தால் நிலைமை மிகவும் கடினமாகியிருக்கும். அத்தகைய திருமணங்கள் செல்லுமா என்பது குறித்து நம் நீதிமன்றங்களில் மாறுபட்ட தீர்ப்புகள் வந்துள்ளன. வழக்குத் தொடுத்து வெற்றி பெறுவது ஒரு சிலருக்கே இயலும். அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவர். கணவனும் மனைவியும் உயிரோடிருக்கும் போதே தேசியப் பதிவிலாகாவுக்குச் சென்று விசாரித்துப் பதிவு செய்துகொள்வதே அறிவுடைமை. வரவேற்புக்கும் பந்தலுக்கும் செலவிடும் நாம், ஒரு நாள் கூலியை விட்டு இக்காரியத்தை முடித்துக் கொள்ளத் தயங்கலாகாது.

ஒருவருக்குப் பெயர் மூன்று

தோட்டப்புறத்தில் ஒருவருக்குப் பல பெயர் இருப்பது புதிதன்று. வீட்டில் அழைப்பது ஒன்று. பெரட்டுக் களத்தில் செக்ரோல் புத்தகத்தில் இருப்பது ஒன்று. அடையாள அட்டையில் இருப்பது வேறொன்று. சுப்பிரமணியம் என்று பெற்றோர் வைத்த பெயர், பிறப்பைப் பதிந்தவரின் கையில் சுப்ரமணி ஆகி, படையில் சேர்ந்த நாளில் மணியம் என்று சுருங்கிவிடக்கூடும். தமிழ் எழுத்தில் ஒன்றாக ஒலிக்கும் பெயரை ரோமன் எழுத்தில் பலவாறாக எழுதலாம் என்பதும் நாம் அறிந்ததே. தந்தையின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ஏட்டில் அவர் வேறு மனிதராகிவிடுகிறார்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பிழை அடையாள அட்டையிலோ பிறப்புப் பத்திரத்திலோ இருக்குமானால், தேசியப் பதிவிலாகாவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். திருத்த இயலாத பழைய தாளில் பிழை இருக்குமானால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணைக்கலாம். நம் எடுத்துக்காட்டிலுள்ள அம்மாள் இரண்டாவது வழியையே பின்பற்றினார். அவருடைய பழைய பள்ளிச் சான்றிதழில் இரண்டு பெயர்களும் சேர்ந்து காணப்பட்டமை பெரிதும் துணை செய்தது. பழைய தாளென்று எதனையும் எறிந்துவிடக் கூடாது என்பதற்கு இதனைக் காட்டிலும் வேறு பாடம் வேண்டியதில்லை.

பிள்ளைகளின் பத்திரங்கள்

பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் இல்லாத பிள்ளைகள் சில வீடுகளில் உள்ளனர். இது ஏன் நேர்கிறது? பெற்றோரின் திருமணம் பதிவாகாத நிலையில், தாயும் தந்தை என்று ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டுக் கொண்டாலன்றித் தந்தையின் பெயரைப் பிறப்புப் பதிவேட்டில் எழுத 1957ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இடந்தருவதில்லை. தந்தை எல்லைப்புற முகாமில் இருக்க, தாய் மட்டும் சென்று பதிந்தால் அவ்விடம் வெறுமையாகவே நின்றுவிடும். தந்தை இறந்த பின் அதனை நிரப்புவது எளிதன்று. ஆகவே, திருமணப் பதிவு என்பது மனைவிக்கு மட்டுமன்றிப் பிள்ளைக்கும் அரணாகும்.

ஓய்வூதியத்தில் பிள்ளைகளுக்குரிய உரிமைக்கு வயது வரம்பு உண்டு. உயர்கல்வி பயிலும் பிள்ளைகளுக்கும், தாமே பிழைக்க இயலாத உடற்குறை அல்லது மனக்குறை உடைய பிள்ளைகளுக்கும் விதிகள் வேறாகும். இத்தகைய பிள்ளைகள் இருந்தால், அதனை விண்ணப்பத்திலேயே தெளிவாகக் குறிப்பிட்டு, அரசாங்க மருத்துவரின் சான்றை இணைக்க வேண்டும். பலர் வெட்கத்தாலோ வேதனையாலோ அப்பிள்ளையைப் பற்றி எழுதாமலேயே விட்டுவிடுகின்றனர். தாய்க்குப் பிறகு அப்பிள்ளைக்கு வேறு துணையில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், அவன் பெயரே முதலில் எழுத வேண்டிய பெயராகும்.

தாய்க்கா, மனைவிக்கா?

மகன் இறந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இப்பணத்தால் மனக்கசப்பு நேர்வதுண்டு. "பெற்று வளர்த்தவள் நான்" என்று ஒருவர் கூற, "பிள்ளைகளோடு நிற்பவள் நான்" என்று மற்றவர் கூறுவார். இருவர் கூறுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பணத்துக்கும் சட்டம் ஒவ்வொரு வழியை வகுத்துள்ளது.

மாதாந்திர ஓய்வூதியம், இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து அன்று. அதனை அவர் தம் விருப்பம் போல் உயிலெழுதி வேறொருவருக்குக் கொடுக்கவும் இயலாது. அது விதிப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் செல்வது.

வங்கிச் சேமிப்பு, நிலம், வாகனம் போன்றவை சொத்தாகும். முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்பத்தில் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி அவை பிரிக்கப்படும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகிய மூவகையினரும் இருந்தால், மனைவிக்கு நான்கில் ஒரு பங்கும், பெற்றோருக்கு நான்கில் ஒரு பங்கும், பிள்ளைகளுக்குப் பாதியும் சேரும். ஆகவே தாயையும் சட்டம் மறந்துவிடவில்லை.

ஊழியர் சேமநிதியின் வழி வேறு. சந்தாதாரர் யாரை வாரிசாக நியமித்துள்ளாரோ அவருக்கே முதலுரிமை. திருமணத்துக்கு முன்பு தாயின் பெயரை எழுதி வைத்தவர், பிறகு அதனை மாற்றாமலே இறந்துவிட்டால், மனைவியும் பிள்ளைகளும் பெரும் இடர்ப்பாட்டுக்கு ஆளாவர். திருமணம் முடிந்தவுடனும், பிள்ளை பிறந்தவுடனும் வாரிசு நியமனத்தைப் பார்த்துத் திருத்திக் கொள்ள வேண்டும். தாய்க்கும் ஒரு பங்கு, மனைவிக்கு ஒரு பங்கு என்று பகுத்தெழுதவும் இடமுண்டு. அவ்வாறு எழுதி வைத்துப் போனவர் வீட்டில் சச்சரவு எழாது.

ஓய்வூதியமின்றி வெளிவந்தவரின் குடும்பம்

இப்போது இன்னொரு குடும்பத்தை நோக்குவோம். இவர் பத்தாண்டுகள் மட்டுமே படையில் இருந்து வெளியேறியவர். பின்னர் ஒரு தொழிற்சாலையில் காவலராகப் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்து, 50 வயதில் நோயுற்று இறந்தார். "பட்டாளத்தில் இருந்தவர், பென்ஷன் உண்டு" என்று உறவினர் கூறியதை நம்பி, மனைவி நான்கு ஆண்டுகள் கடிதம் எழுதிக் கொண்டேயிருந்தார். தகுதிச் சேவைக் காலம் நிறைவடையவில்லை என்னும் பதிலே வந்தது. அவர் மனம் உடைந்து எல்லா முயற்சியையும் கைவிட்டார்.

அவர் தட்டிய கதவு வேறு. திறக்கக்கூடிய கதவு வேறு. காவலராக இருந்த காலத்தில் கணவரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சொக்சோ சந்தா பிடிக்கப்பட்டிருந்தது. 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, சந்தா செலுத்திய ஊழியர் 60 வயதை அடையுமுன் எக்காரணத்தால் இறந்தாலும், சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், குடும்பத்துக்கு மாதந்தோறும் உயிர்வாழ்வோர் ஓய்வூதியம் கிடைக்கும். இதனைப் 'பென்சென் பெனாக்காட்' என்பர். முழுத் தகுதிக்குரிய நிபந்தனைகளுள் ஒன்று, இறப்புக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா செலுத்தியிருத்தலாகும். சந்தா அதற்குக் குறைந்திருந்தாலும் குறைந்த விகிதத்தில் பெறுவதற்கு வழியுண்டு. கிடைக்கும் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கும், ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் சேரும். பிள்ளைகள் 21 வயதை எட்டும் வரை அல்லது திருமணம் செய்யும் வரை பெறலாம்; பட்டப்படிப்பு படிப்போருக்கு அப்படிப்பு முடியும் வரை நீடிக்கும்.

அதே கணவருக்கு ஊழியர் சேமநிதியிலும் பணம் இருந்தது. ஆக, இல்லாத ஒன்றைத் தேடி நான்காண்டுகள் அலைந்த குடும்பம், இருந்த இரண்டை அறியாமலே இருந்திருக்கிறது. இறந்தவர் வாழ்நாளில் எங்கெங்கு வேலை செய்தாரோ அங்கெல்லாம் என்னென்ன சந்தா பிடிக்கப்பட்டது என்பதை வரிசையாக எழுதிப் பார்ப்பதே இதற்கு நல்ல வழியாகும்.

இது பால் வெட்டுவோருக்கும் வெளிக்காட்டு வேலை செய்வோருக்கும் பொருந்தும். படைவீரர் ஒருவரும் இல்லாத வீட்டிலும் சொக்சோ உரிமை இருக்கலாம். மேலும், ஓய்வூதியத் தகுதியில்லாத முன்னாள் வீரர்களின் நலனையும் முன்னாள் படைவீரர் விவகார இலாகா கவனிக்கிறது. ஓய்வூதியம் இல்லையென்று பதில் வந்த குடும்பம், வேறு உதவி உண்டா என்று அதே அலுவலகத்தில் ஒரு முறை கேட்டறிவது தவறன்று.

செய்ய வேண்டியவை

துயர நேரத்தில் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க இயலாது. ஆகவே கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பின்பற்றுவது நலம்.

1. இறப்பை உரிய காலத்தில் பதிவு செய்க. தீபகற்பத்தில் ஏழு நாட்களுக்குள் பதிய வேண்டும். இறப்புப் பத்திரத்தில் பெயர், அடையாள அட்டை எண் ஆகியவை சரியாக உள்ளனவா என்று அங்கேயே பார்த்துக் கொள்க.

2. ஓய்வூதியம் பெற்று வந்தவராயின், இறந்த செய்தியை உடனே முன்னாள் படைவீரர் விவகார இலாகாவுக்குத் தெரிவிக்க. இறந்தவரின் கணக்கில் வரும் ஓய்வூதியப் பணத்தை எடுத்துச் செலவிடாதீர்.

3. படைவீரரின் சேவை எண், சேர்ந்த நாள், வெளிவந்த நாள், பணியாற்றிய படைப்பிரிவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொள்க. சேவை எண் இருந்தால் ஏடுகளைத் தேடுவது எளிதாகும்.

4. திருமணச் சான்று, மனைவியின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி அல்லது கல்லூரிக் கடிதம், மனைவி பெயரிலான வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் திரட்டுக.

5. மூலப் பத்திரங்களைக் கையிலேயே வைத்துக்கொண்டு, உறுதி செய்யப்பட்ட படிகளைக் கொடுக்க. மூலத்தைக் காட்டுமாறு கேட்டால் காட்டித் திரும்பப் பெற்றுக் கொள்க.

6. கொடுத்த தாள் ஒவ்வொன்றுக்கும் பெற்றுக்கொண்டமைக்கான முத்திரையை உங்கள் படியில் பெறுக. சென்ற நாள், சந்தித்த உத்தியோகஸ்தரின் பெயர், அவர் கூறியது ஆகியவற்றை ஒரு சிறு புத்தகத்தில் குறித்து வருக. இலாகா தரும் கோப்பு எண்ணை அதன் முதற்பக்கத்தில் எழுதுக.

7. கடிதம் வந்தால் அன்றே படிக்கச் செய்க. மலாய் அறிந்த பள்ளிப் பிள்ளையோ, கிராணியாரோ, ஆசிரியரோ படித்து விளக்குவர். பதிலுக்குக் குறித்த நாளைத் தவற விடாதீர்.

8. வீடு மாறினால் புதிய முகவரியைத் தெரிவிக்க. தோட்டம் மூடப்பட்டால் பழைய லயத்து முகவரிக்கு வரும் கடிதம் யார் கைக்கும் எட்டாது.

9. சட்டச் சிக்கல் எழுந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி இலாகாவை நாடலாம். வருமானம் குறைந்தோருக்கென்றே அது அமைந்துள்ளது.

காணாமற் போனவரைப் பற்றி ஒரு சொல். உடல் கிடைக்காமல், ஒருவர் உயிரோடிருக்கிறாரா என்பதே தெரியாத நிலையில், அவரைப் பற்றி அறியக்கூடியோர் ஏழாண்டுகள் எதுவும் கேள்விப்படவில்லையென்றால், இறந்ததாகக் கருதுவதற்கு 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இடமுண்டு. அத்தகைய குடும்பம் சட்ட ஆலோசனை பெறுவது அவசியம்.

இடைத்தரகர்களிடம் எச்சரிக்கை

"ஆயிரம் வெள்ளி கொடுங்கள், எனக்கு மேலிடத்தில் ஆள் உண்டு, மூன்று மாதத்தில் வாங்கித் தருகிறேன்" என்று கூறி வருவோர் உண்டு. உரிமையுள்ள ஒன்றை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தாளுக்குக் கட்டணமில்லை. உதவி செய்ய வந்தவர் உண்மையானவர் என்றால் மூலப் பத்திரங்களைத் தம்மிடம் ஒப்படைக்கச் சொல்லமாட்டார். வெறுந்தாளில் கையொப்பமோ கைநாட்டோ கேட்கமாட்டார்.

அது போலவே, பணம் வரத் தொடங்கிய பின் வங்கி அட்டையை வட்டிக்காரரிடம் அடகு வைப்பது மிகப் பெரிய கேடாகும். கணவர் 21 ஆண்டுகள் உழைத்துத் தேடி வைத்தது, 21 நாளில் வேறொருவர் கைக்குப் போய்விடும். அட்டையும் அதன் இரகசிய எண்ணும் அந்த அம்மாளின் கையிலேயே இருக்க வேண்டும். பெற்ற மகனேயாயினும், கேட்டு வாங்கிச் செலவு செய்வதே முறை.

முதல் குடும்பத்தின் முடிவு

நாம் எடுத்துக்கொண்ட முதல் குடும்பத்துக்கு இரண்டாண்டுகளுக்கு மேல் சென்ற பின் அனுமதிக் கடிதம் வந்ததாகக் கொள்வோம். நிலுவைத் தொகை கிடைத்தது. தவறாக எடுத்த பணம் அதில் கழிக்கப்பட்டது. நடக்கவியலாத மகனின் பெயரும் ஏட்டில் ஏறியது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் கடைசி மகள் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தித் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள். பணத்தின் நிலுவை திரும்பி வரும். படிப்பின் நிலுவை அவ்வளவு எளிதில் வராது. ஒரு திருமணப் படமும் ஒரு பள்ளிச் சான்றிதழும் தொடக்கத்திலேயே ஓரிடத்தில் இருந்திருந்தால், அப்பெண்ணின் கல்வி தடைப்பட்டிராது.

ஆகவே, இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியை ஒரு முறை திறந்து பாருங்கள். திருமணச் சான்று இருக்கிறதா? பிள்ளைகள் எல்லோருடைய பிறப்புப் பத்திரத்திலும் தந்தையின் பெயர் இருக்கிறதா? பெயர்கள் ஒன்றுபோல் உள்ளனவா? சேமநிதி வாரிசு யார்? குறை ஏதும் இருந்தால், அடுத்த விடுமுறை நாளில் கணவனும் மனைவியும் சேர்ந்து அதனை எழுதிக்கொள்ளுங்கள். அலுவலகம் திறந்திருக்கும் நாளில் ஒன்றாகச் சென்று சரி செய்யுங்கள். இருவரும் இருக்கும்போது அரை நாளில் முடியும் காரியம், ஒருவர் மறைந்த பின் ஆண்டுக்கணக்கில் நீளும். படித்த அன்பர்கள் இதனைப் படிக்க இயலாத அண்டை வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுவார்களாக.